குண்டு போடாத செல்லக்கிளி

ஒரு ஊர்ல ஒரு செல்லக்கிளி இருந்தா. கிளி இல்லடா, பொம்பளை. பேருதான் செல்லக்கிளி. அவ ஊரு நடுக்கடல்ல ஒரு குட்டித் தீவு. அது தனி நாடு. அந்த நாட்டுப் பட்டாளத்துக்கு இருந்ததே ஒரு விமானந்தான். அதை ஓட்டுறவ இவ. ம் சொல்லு.

எதிர்த்தாப்ல இன்னொரு தீவு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாறை. அதைச் சுத்தி மீனான மீன். எங்களுக்கு, எங்களுக்குன்னு ரெண்டு பக்கமும் ஒரே சண்டை. அப்போ அவ நாட்டுத் தலைவர் செல்லக்கிளியைக் கூப்பிட்டு, "அவங்க படகுத்துறையில குண்டு போட்டுட்டு வா"ன்னார்.

கிளம்பினா. டர்ர்ர்ருன்னு போறா. தாழ இறங்கிப் பார்த்தா, துறையில பிள்ளைங்க நின்னு கையாட்டுதுங்க. இவளுக்கு மனசு வரல. திரும்பி வர்ற வழியில குண்டைக் கடல்ல தள்ளிட்டா. டமார்.

தலைவருக்குக் கோபம். "அப்போ நீயே போய்ப் பேசு. மூணு தடவை பாரு. முடியலைன்னா வேற ஆளு விமானம் ஓட்டுவான்"னார்.

அப்புறம் தூது போனா. முதல் தடவை உட்காரக்கூடச் சொல்லல. கால் வலிச்சதுதான் மிச்சம். ரெண்டாந் தடவை நாற்காலி போட்டாங்க, ஒரு வாய் தண்ணி தரல. மூணாந் தடவை அந்தத் தீவுத் தலைவர் அருளப்பன், "குண்டோட வந்தவங்க ஏன் திரும்பிப் போனீங்க?"ன்னு கேட்டார்.

"உங்க பிள்ளைங்க டாட்டா காட்டிச்சு ஐயா. எப்படிப் போடுவேன்?"

அவர் பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்துச்சு. "டாட்டா காட்டல. போ போன்னு விரட்டினோம்"னுச்சு.

அருளப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். இவளுக்கும் அடக்க முடியல. அப்புறம் சோறும் மீன் குழம்பும் வந்துச்சு. கை கழுவுறதுக்குள்ள, பாறைகிட்ட காலையில அவங்க வலை, சாயங்காலம் இவங்க வலைன்னு பேசி முடிஞ்சுபோச்சு.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி.

பழைய தலைவர் வயசாகி ஒதுங்கினதும், ஊரே சேந்து செல்லக்கிளியை நாட்டுக்குத் தலைவி ஆக்கிச்சு. பெரிய மேடை. பீப்பீ, டும்டும். ஆளாளுக்கு மாலை, ஆளாளுக்குப் பேச்சு. ஒருத்தர் பேசுறார், பேசுறார், பேசிட்டே இருக்கார். பார்த்தா, தலைவி நாற்காலியில சாஞ்சு கொர்ர்ர்ருங்கிறா. காவக்காரன் எழுப்பப் போனான். மீன் விக்கிற சவரியம்மா அவன் கையைப் பிடிச்சு, "விடுப்பா. சண்டை வந்துடக் கூடாதேன்னு எத்தனை நாள் முழிச்சிருந்துச்சோ. தூங்கட்டும்"னா.

பேச்சு அப்படியே நின்னுபோச்சு. கூட்டம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தமில்லாம வீட்டுக்குப் போயிடுச்சு.

நாட்டுத் தலைவியே தூங்கிட்டா. கதையும் படுத்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.