கம்பி போட்டுப் பார்க்காத துப்பாக்கி

கெட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். ஒரு வழக்கு இருக்கிறது. முதலில் வாயில் வரும் தீர்ப்பை விழுங்கிவிட்டு, இரண்டாவதாகத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும்.

ஜவ்வாது மலையில் சாமைமேடு என்று ஓர் ஊர். காட்டை ஒட்டிய கடைசி வீடு சடையனுடையது. உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. வயலுக்குப் பன்றி வரும், காட்டில் கரடி நிற்கும், ஒதுக்குப்புறமான வீடு என்றால் திருட்டுப் பயமும் உண்டு. அதனால் எந்நேரமும் மருந்து கெட்டித்தே சுவரில் மாட்டியிருப்பான். குழலுக்குள் மருந்தும் ஈயக்குண்டும் போட்டு, தேங்காய் நாரால் அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து வைக்கும் பழைய வகை. ஒரு தடவைதான் சுடலாம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். காட்டு எல்லைக்கல்லுக்கு வந்ததும் கூடப் போகிறவன் "கம்பி போடு" என்பான். துப்பாக்கிக்காரன் கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்ட வேண்டும். மருந்து இருந்தால் கம்பி நாலு விரல் வெளியே நிற்கும். இல்லாவிட்டால் அடி வரை போய்விடும். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்பனிடம் மகனே கேட்பான்.

ஒரு நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. வயலில் பரண் மேல் காவல் இருந்த சடையனின் மனைவி உண்ணாமலை நனைந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பன்றிகள் இறங்கி, மரவள்ளிக் கிழங்கை எல்லாம் கிண்டிப் போட்டுவிட்டன. விஷயம் தெரிந்ததும் சடையனுக்குத் தலைக்கேறிவிட்டது. சுவரில் இருந்த துப்பாக்கியை எடுத்து மனைவியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"பன்னிய விட்டுட்டு வந்தியே, உன்னையே சுட்டா என்னடி?"

அப்போது வீட்டில் இன்னொருவனும் இருந்தான். உண்ணாமலையின் தம்பி வேடியப்பன். அக்காளைப் பார்க்க வந்தவன் களி தின்றுகொண்டிருந்தான். உண்ணாமலை துப்பாக்கியைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். வேடியப்பனுக்கு எதுவும் ஆடவில்லை. "மாமா சும்மா வெளாட்டுக்குப் பண்றாருக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைக் குழம்பில் தொட்டான். சடையனும் சிரித்தபடி துப்பாக்கியை மாட்டினான்.

மறுநாள் காலை ஆண்கள் ஓடைக்குக் குளிக்கப் போன நேரத்தில், அவள் கம்பியின் திருகு முனையால் நாரை இழுத்தெடுத்து, குண்டையும் மருந்தையும் வீட்டுக்குப் பின்னால் ஓடிய மழைத்தண்ணீரில் கொட்டினாள். மருந்தைப் பற்றவைக்க மேலே செருகியிருந்த கேப்பு என்ற சிறு வெடிமூடியைத் தொடவில்லை. பார்த்தால் பழையபடியே இருந்தது. அன்று காட்டுக்குப் போகும் பேச்சே இல்லை.

ஆனால் ஓடையில் வேடியப்பன் பாறைத்தேனைப் பற்றி ஆசை காட்டிவிட்டான். வந்ததும் சடையன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். உண்ணாமலை வாசலில் நின்று பார்த்தாள். சொன்னால் அங்கேயே அடி விழும். கல்லுக்குப் போனதும் கம்பி போடுவார்கள், தெரிந்துவிடும், திரும்பி வந்து அடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கல்லில் வேடியப்பன் கேட்கவில்லை. முந்தின நாள் அக்காளுக்காகக் கேட்காதவன், இன்று தனக்காகக் கேட்டால் மாமன் என்ன நினைப்பார் என்று கூச்சம். சடையனும் தானாகக் காட்டவில்லை. என் கையால் கெட்டித்தது, எங்கே போகும் என்ற எண்ணம்.

பாறைக்குக் கீழே கரடி எழுந்தது. சடையன் விசையை இழுத்தான். கேப்பு மட்டும் பட்டென்று வெடித்தது. குழலிலிருந்து எதுவும் வரவில்லை. அவன் ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கரடி போகும்வரை அடித்தான். அதற்குள் வேடியப்பனின் வலக்கண் போய்விட்டது.

மருந்தை எடுத்தது தான்தான் என்று உண்ணாமலையே ஒப்புக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் முன்னால் மூவரும் நின்றார்கள்.

"என் சோத்தத் தின்னுக்கிட்டே என் துப்பாக்கியக் கெடுத்தவ இவ. இனி என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றான் சடையன்.

"அன்னைக்கு என் நெஞ்சுக்கு வந்தது, நாளைக்கு வராதுன்னு யாரு சொன்னாங்க? உசுருக்குப் பயந்துதான் எடுத்தேன்" என்றாள் உண்ணாமலை.

வேடியப்பன் கட்டுப்போட்ட முகத்தோடு அழுதான். "கூடப் பொறந்தவளே இப்படிப் பண்ணிட்டாளே. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மாமா சுட்டுருவாருன்னு நம்பித்தானே ஓடாம நின்னேன்."

கவுண்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு போனது இவனுக்கு. அதனால இவன் சொல்றதுதான் முடிவு. பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்ல அவ ரெண்டு வீடும் இல்லாம நிக்கணுமா?" வேடியப்பன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் முதல் துரோகம் செய்தவர் யார்?

விடை: உண்ணாமலை என்றுதான் வாயில் வரும். அவள் மேல் குற்றமே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். வெறும் குழலோடு போகிறவர்களைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள். சடையன் கதை வேலியே பயிரை மேய்ந்த கதை, அவன் செய்தது கொடுமை; ஆனால் அந்த நேரத்தில் அவள் நம்பிப் பார்த்தது அவனை இல்லை. நம்பினவரைக் கைவிடுவதுதான் துரோகம் என்றால், அதை முதலில் செய்தவன் கண்ணை இழந்தவன்தான். இதை ஊரில் யாரும் சொல்லவில்லை. உண்ணாமலைதான் சொன்னாள், அதுவும் கத்தாமல், எந்த வீட்டுப் பக்கமும் திரும்பாமல் நடக்கத் தொடங்குவதற்கு முன்னால்: "மாமன நம்பி நின்னேன்னு சொல்றியே வேடி, அன்னைக்கு நான் உன்னை நம்பித்தான்டா நின்னேன்."