இரட்டைக் கத்தியா, வில்லா

பொன்மலையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. ஞாயிறு தவறாமல் அங்கே பகடை ஆட்டம் நடக்கும். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவள் நஸ்ரீன். அவள் கதைக்குள்ளே மாசிலாமணி ஒரு திருடன், பவுலின் ஒரு கேடயக்காரி. யார் அடித்தாலும், பகடையில் விழும் எண்தான் அடியின் பலம்.

மாசிலாமணி ரயில்வே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நூலளவு பிசகினாலும் மனசு ஆறாது அவருக்கு. நஸ்ரீன் வயதில் இளையவள்தான், ஆனாலும் இந்த ஆட்டத்தில் அவளே அவருக்குக் குரு. ஒன்பது மாதமாக ஒரு நோட்டில் அடிக்கணக்கு எழுதிவருகிறார், அவளிடம் கேட்பதும் ஒரே கேள்வி.

"திருடன் எதை எடுத்தா அடி பலமா இறங்கும்மா?"

"உங்க நோட்டு என்ன சொல்லுது?"

"இரட்டைக் கத்திக்குச் சராசரி இருபத்தொண்ணு. பதுங்கிப் போய்க் குத்தினா இருபது. வில்லுக்குப் பதினெட்டு. இருந்தாலும் உங்க வாயால ஒரு வார்த்தை."

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட அண்ணன் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டார்," என்றாள் பவுலின்.

நஸ்ரீன் ஒரு தைல டப்பாவைப் பலகை நடுவில் வைத்தாள். அதுதான் பூதம். அதை ஒட்டி ஒரு சோடா மூடி. அது பவுலின். நாலு சுற்றாகப் பூதத்தை மறித்து நின்றதில் அவள் உயிர் மூன்று புள்ளிக்கு வந்திருந்தது. பூதத்துக்கு இன்னும் இருபத்தைந்து.

"இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் விழுந்தா ஒன்பது மாசக் கதையும் இங்கேயே முடிஞ்சுது," என்றாள் நஸ்ரீன்.

மாசிலாமணி கத்திக்கான பகடைகளை அள்ளினார். நஸ்ரீன் சட்டென்று சோடா மூடியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இப்ப அடிங்கண்ணே."

கூட்டாளி ஒருத்தர் எதிரியை ஒட்டி நின்றாலோ, பதுங்கி அடித்தாலோதான் திருடனுக்குக் கூடுதல் பகடை. அது ஆட்டத்தின் சட்டம். பதுங்கவும் இடமில்லை, வெட்டவெளி. கத்திக்கு ஏழுதான் தேறும். வில்லுக்கு நாலு.

"பவுலினை எடுத்துட்டீங்களே."

"உங்க நோட்டுல அவங்க எந்தப் பக்கத்துல இருக்காங்க?"

நாற்பது பக்கமும் புரட்டினார். கத்தி இருந்தது. வில் இருந்தது.

நஸ்ரீன் மூடியைத் திரும்ப வைத்தாள். மாசிலாமணி பகடைகளை உருட்டாமல் ஓரமாக வைத்தார்.

"நான் அடிக்கலை. என்கிட்ட இருக்கிற மருந்தைப் பவுலினுக்குக் குடுக்கிறேன்."

"கடைசி மருந்துண்ணே அது," என்றாள் பவுலின்.

"குடிம்மா."

உயிர் பன்னிரண்டுக்கு ஏறியது. பூதம் ஓங்கி ஒரு அடி. பதினொன்று போயிற்று. மிச்சம் ஒரே புள்ளி, ஆனால் பவுலின் நின்றாள். நின்றவள் கேடயத்தால் பூதத்தின் மூஞ்சியில் ஒன்று விட்டாள். நாலு போக, அதற்கு மீதி இருபத்தொன்று.

மாசிலாமணி இரண்டு கையாலும் குலுக்கி விட்டார். கூட்டினார். நம்பாமல் மறுபடி கூட்டினார்.

இருபத்து மூன்று.

தைல டப்பா சாய்ந்தது. பவுலின் மேசையில் அறைந்த அறைக்குக் கீழேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார்: "என்னாச்சு மேல?"

"பூதம் செத்துப்போச்சுண்ணே."

"சரி, ஃபேனை நிறுத்திட்டு வாங்க."

மாசிலாமணிக்கு முகமெல்லாம் பல். "ஜெயிச்சாச்சு. இப்பவாவது சொல்லுங்கம்மா, எதுல அடி பலம்?"

நஸ்ரீன் உருண்டு கிடந்த டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அடி வாங்கினது இதுதான், இதைக் கேளுங்க. ஆனா இதுக்கும் தெரியாதுண்ணே. சாகிற வரைக்கும் பவுலினைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."