ராஜபார்ட் வைரவனின் கை

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

குரு, பபூன் ஒச்சப்பன். தாத்தா பபூன், அப்பா பபூன், அம்மா ஸ்திரீபார்ட். நாடகம் போட ஊர் ஊராகப் போன அவர்களோடு, வேஷப் பெட்டிமேல் தூங்கி வளர்ந்தவன். நாடகத்தில் முதலில் மேடைக்கு வருகிறவன் பபூன்தான். ஆர்மோனியக்காரரிடம் வாய் கொடுத்து, கூட்டத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைத்துவிட்டால், அப்புறம் ராஜா சாவகாசமாக வரலாம்.

சீடர் வைரவன் பாதி ஆயுசை அப்படிச் சாவகாசமாக வந்தே கழித்தவர். போன வருஷம் தொண்டை போய்விட்டது. பாட முடியாத ராஜாவை எந்த ஊரும் கூப்பிடாது. நாடகக் குழுவை நடத்துகிற ஒச்சப்பனின் அக்கா பேச்சியம்மாள் இரக்கப்பட்டு, "தம்பிகிட்ட பபூன் வேஷம் பழகுங்க" என்றாள். பழகினார். மேடை ஏறினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வாத்தியாரே, சிரிப்பு எங்கேருந்து வருது?"

"டீ ஆறுதுண்ணே. குடிங்க."

வேனில் கேட்டார். அரிதாரம் பூசும்போது கேட்டார். குளிக்கப் போன கண்மாய்க்கரைக்கும் பின்னாலேயே வந்து கேட்டார். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவன் ஒச்சப்பன். அந்தப் பெயர் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வந்தது.

"நீங்க பேசுனதத்தான் நானும் பேசுறேன். ஒரு வார்த்த மாத்தல. உங்களுக்குச் சிரிக்கிறாய்ங்க, எனக்குக் கொட்டாவி விடுறாய்ங்க. என்ன நியாயம் இது?"

"நேத்து யாரையெல்லாம் கிண்டல் பண்ணுனீங்க?"

"ஆர்மோனியம் தவசியோட வழுக்கைய. டீக்கடைக்காரன் தொந்திய. முன்னால உக்காந்து தூங்குனவன. யாரத்தான் விட்டேன்?"

ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எதுக்கு அடிச்சுக்கிறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க."

"மொதல்ல அந்தக் குல்லாயத் துவைங்கண்ணே. பக்கத்துல நிக்க முடியல."

வைரவனுக்குச் சுருக்கென்றது. ராஜாவின் துணியை ராஜா துவைப்பதில்லை. கோபம் வந்தால் அவர் நெஞ்சு நிமிரும். வலது கை தானாக மேலே போய், தலையில் இல்லாத கிரீடத்தைச் சரிசெய்யும். பல வருஷப் பழக்கம். அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஒச்சப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் மேடைக்குப் பின்னால் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊரோட சரி. இன்னிக்கும் சனம் சிரிக்கலேன்னா நாளைக்கு அவரு பெட்டிய வேன்லருந்து எறக்கிருவேன். நல்ல மனுசன்தான், இல்லேங்கல. அதுக்காக ஊருக்கு ஊரு நான் ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்க முடியுமா?"

படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மீசை வரைந்துகொண்டிருந்த வைரவன் காதில் எல்லாம் விழுந்தது. பயந்து போனார். பெட்டியை இறக்கினால் எங்கே தூக்கிக்கொண்டு போவது? அவர் பிறந்ததும் ஒரு நாடகக் கொட்டகையில்தான். சத்தம் போடாமல் எழுந்து போய், வாளித் தண்ணீரில் குல்லாயை அலசிப் பிழிந்து மாட்டிக்கொண்டார்.

ஒச்சப்பன் தவசியிடம் குனிந்து காதோடு ஏதோ சொன்னான்.

"வேணாம்ப்பா. மனுசன் அடிக்க வந்துருவாரு."

"வாசிங்க மாமா. நான் பாத்துக்கிறேன்."

பபூன் வருகைக்குத் துள்ளலான மெட்டு ஒன்று உண்டு. அன்று தவசி அதை வாசிக்கவில்லை. ராஜா கொலுவுக்கு வரும் மெட்டை, நிதானமாக, கம்பீரமாக எடுத்தார்.

வைரவனின் புத்தி 'தப்பாச்சே' என்று நினைப்பதற்குள் கால்கள் கிளம்பிவிட்டன. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையான கால்சட்டையோடு, கரி மீசையோடு, கூம்புக் குல்லாயோடு, அடிமேல் அடி வைத்து ராஜா வந்தார். நடுமேடையில் நின்றார். குடிமக்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வலது கை மேலே போய்க் கிரீடத்தைப் பிடித்து அழுத்தியது.

சரியாகப் பிழியாத குல்லாய். தண்ணீர் நெற்றியில் வழிந்து, அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"யாரது, சபையில் சிரிப்பது?"

பழைய ராஜகர்ஜனைதான். பாதியில் தொண்டை கிழிந்து மீதி காற்றாக வந்தது. மைதானமே சிரித்தது.

"யோவ் தவசி! மெட்ட மாத்துய்யா!"

தவசி பணிவாகத் தலையாட்டிவிட்டு அதே மெட்டை முதலிலிருந்து வாசித்தார். மானங்கெட்ட கால்கள் மறுபடியும் நடந்தன. மானங்கெட்ட கை மறுபடியும் குல்லாய்க்குப் போனது. தூங்க வந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்துவிட்டாள்.

வைரவன் படுதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். குல்லாயைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"மெட்ட மாத்தச் சொன்னது நீங்களா?"

"ஆமாண்ணே."

"ராத்திரி பூரா முழிச்சு ஜோக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். ஒண்ணு சொல்ல விட்டாய்ங்களா?"

"இல்லண்ணே."

"நான் ராஜாவா நின்னவன் வாத்தியாரே! என்னையப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க!"

வெளியே கூட்டம் கைதட்டி, பபூனைத் திரும்ப வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் குனிந்து குல்லாயை எடுத்தான். மண்ணைத் தட்டி அவர் கையில் கொடுத்தான்.

"பின்ன யாரப் பாத்துச் சிரிக்கணும்ணே?"