மாடத்தி கிண்டிய பாகு

ஜமீனும் பல்லக்கும் இருந்த காலம் அது. தன் லேகியம் தின்றால் மழைக்காலக் காய்ச்சல் அண்டாது என்று அரண்மனை வைத்தியர் அனந்த பண்டிதர் பெருமையடித்தார்.

"தின்னாதவங்களும் நல்லாத்தானே இருக்காங்க சாமி?" என்றாள் சமையற்காரி மாடத்தி.

"அதை நிரூபி! இல்லேன்னா அரண்மனையை விட்டுப் போ!" என்று குதித்தார் பண்டிதர்.

மாடத்தி, யாருக்கு எது என்று ஜமீன்தாரிடம் மட்டும் சொல்லிவிட்டு, வேலையாட்களில் பாதிப் பேருக்கு லேகியமும், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் கிண்டிய கருப்பட்டிப் பாகும் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்தது. பண்டிதர் குதிரைக்காரன் சுடலையின் நாடியைப் பிடித்தார்.

"கல்லு மாதிரி இருக்கான்! எல்லாம் என் லேகியம்!"

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் தின்னது மாடத்தியோட கருப்பட்டி, பண்டிதரே! காய்ச்சல் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் வந்திருக்கு."

அதற்குப் பிறகு எந்த மருந்து செய்தாலும், பண்டிதர் அடுப்படி வாசலில் வந்து நிற்பாராம்: "மாடத்தி, நீயும் ஒரு சட்டி கிண்டம்மா."