சர்வேயர் பிடித்த ஒயர்

மடத்தை விட்டுப் போய்விடுவது என்று தில்லைநாயகம் முடிவு செய்தபோது காலை ஏழரை மணி. இட்லி இன்னும் இறக்கவில்லை.

அவர் தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. குரு அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் தில்லைநாயகம் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். குரு அவரைச் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்.

கோபத்துக்குக் காரணம் சோலையப்பன். டவுனில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். மடத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முந்தின நாள் சாயங்காலம் குரு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதோரம் குனிந்து உபதேசம் சொல்லிவிட்டார்.

"பரோட்டா போடுறவனுக்கு மூணு வாரத்துல குடுத்துட்டீங்க. எனக்கு மூணு வருஷமா ஒண்ணும் இல்ல," என்றார் தில்லைநாயகம்.

"உங்ககிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே சர்வேயர்," என்றார் குரு.

அவர் கேட்டது இதுதான். வாழைப்பழத்தில் ஓர் ஊதுபத்தியைக் குத்திக் கொளுத்தி வைக்க வேண்டும். அது எரிந்து முடியும்வரை அசையாமல் உட்கார வேண்டும். அரைமணி நேரம். உட்கார்ந்துவிட்டால் உபதேசம்.

தில்லைநாயகத்தால் முடியவில்லை. ஒரு நாள் முட்டி வலித்தது. ஒரு நாள் எறும்பு. ஒரு நாள் கொசு. ஒரு நாள் வீட்டில் கேஸை மூடினோமா என்ற சந்தேகம் வந்து எழுந்துவிட்டார். வீட்டை விட்டு வந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மற்ற நாட்களில் ஒரு கண்ணை மட்டும் திறந்து ஊதுபத்தியைப் பார்ப்பார். "இன்னும் பதினொண்ணரை சென்டிமீட்டர் இருக்கு," என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்.

"நான் இமயமலைக்குப் போறேன்," என்றார் இப்போது. "நடந்தே போறேன். ஊதுபத்தி கொளுத்தாத குரு அங்க யாராவது இருப்பாங்க."

"போயிட்டு வாங்க."

"வரமாட்டேன்."

"சரி, போங்க."

தடுப்பார் என்று நினைத்திருந்த தில்லைநாயகத்துக்கு இது இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

பத்தே நிமிஷத்தில் பையைக் கட்டிவிட்டார். ஆனால் கிளம்ப முடியவில்லை. அளவு தெரியாத இடத்தில் ஓரடி எடுத்து வைத்துப் பழக்கமில்லாதவர் அவர். பெட்டியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பையும், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியையும், சுருட்டி வைத்திருந்த ஒயரையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினார்.

சமையலைப் பார்த்துக்கொள்ளும் பாகம்பிரியாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னண்ணே அது?"

"ஜிபிஎஸ். லேப்டாப்ல இருக்கற வரைபடத்தை இதுல ஏத்தணும். அப்புறம் நான் எங்க நின்னாலும், எங்க நிக்கிறேன்னு காட்டும்."

"எங்க நிக்கிறோம்னு நின்னாத் தெரியாதா?"

தில்லைநாயகம் லேப்டாப்பைத் திறந்தார்.

"இமயமலை வடக்கதானே இருக்கு? நேரா போனா வந்துடாதா?"

"நேரா போனா கிணறு வரும். ஊருணி வரும். அடுத்தவன் பட்டா நிலம் வரும். உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"எனக்குப் புரியாட்டிப் போகுது. ரயிலு ஒண்ணு ஓடுதே, அது எந்தப் பட்டா நிலத்துல ஓடுது? இந்த முட்டியை வச்சுக்கிட்டு நடக்கப் போறாராம். வழியில விழுந்து கிடந்தா யாரு பார்ப்பா? இருமல் மருந்து எடுத்து வச்சீங்களா?"

"வச்சாச்சு."

"எது, காலி பாட்டிலா?"

அவள் உள்ளே போனாள். அவர் ஒயரைச் சொருகினார். லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு தோன்றியது. 'மீதி நேரம்: 4 மணி 10 நிமிடம்' என்றது.

இருபது நிமிஷம் கழித்துப் பாகம்பிரியாள் கூடத்தைப் பெருக்க வந்தாள். துடைப்பம் ஒயரில் பட்டது. இணைப்பு அறுந்தது. பச்சைக் கோடு மறைந்தது.

"ஐயோ, பட்டதுக்கேவா?" என்றாள்.

"முனை லூசாயிடுச்சு. தொட்டா விட்டுடும்."

"புது ஒயர் வாங்கக் கூடாதாண்ணே?"

"இந்த ஒயர் இப்ப யாரும் செய்யறதில்லைன்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பதினான்கு சதவீதம் ஏறியபோது குரு வந்து பக்கத்தில் குந்தினார். திரையில் நாடு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து தெரிந்தது. தில்லைநாயகம் தேர்ந்தெடுத்த கட்டங்கள் மஞ்சளாக இருந்தன.

"நம்ம மடம் எங்க இருக்கு?" என்று கேட்டார் குரு.

"அந்தக் கட்டத்தை எடுக்கல."

"ஏன்?"

"இனிமே இது எனக்கு எதுக்கு?"

"இல்ல, கிளம்புற இடம் வேண்டாமா?"

தில்லைநாயகம் யோசித்தார். முதல் எல்லைக் கல் எங்கே என்று தெரியாமல் அவர் எந்த நிலத்தையும் அளந்ததில்லை. வேலையை நிறுத்தி, மடம் இருந்த கட்டத்தையும் சேர்த்தார். பச்சைக் கோடு மறுபடி பூஜ்யத்துக்குப் போனது.

"ஒரு கட்டம் சேர்த்தாலும் எல்லாத்தையும் முதல்லேருந்து அனுப்பணும் சாமி. இது அப்படித்தான்."

"அப்படியா," என்றார் குரு.

மூன்றாவது தடவை ஆரம்பிக்கும்போது மணி ஒன்பதரை. இந்த முறை தில்லைநாயகம் ஒரு வழி கண்டுபிடித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருவியை மடியில் வைத்து, ஒயரின் முனையை இடது கட்டைவிரலால் கொஞ்சம் மேல்நோக்கி அழுத்திக்கொண்டால் இணைப்பு நிற்கிறது. விரல் இம்மி நகர்ந்தாலும் போய்விடும்.

குரு உள்ளே போய் ஒரு வாழைப்பழமும் ஊதுபத்தியும் கொண்டுவந்தார்.

"தூரப் பயணம். சாமி கும்பிட்டு ஆரம்பிங்க."

"கை ஒழிவில்ல சாமி."

"பரவாயில்ல, நான் ஏத்துறேன்."

பழத்தில் குத்தி, கொளுத்தி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திரை 'மீதி நேரம்: 5 மணி' என்றது. கொஞ்ச நேரத்தில் 'மீதி நேரம்: 2 நிமிடம்' என்றது. தில்லைநாயகம் சந்தோஷப்பட்டார். அந்த இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தது. பிறகு '9 மணி' என்றது.

வெளியே தொம் தொம் என்று சத்தம் கேட்டது.

"யாரு அது? தரை அதிருது!" என்றார் தில்லைநாயகம், கழுத்தைத் திருப்பாமல்.

மத்தியானத்துக்குச் சோலையப்பன் பரோட்டா மாவை அடித்துக்கொண்டிருந்தான். பாகம்பிரியாள் ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் மாவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஓர் எறும்பு அவர் கணுக்காலில் ஏறி, முழங்காலைத் தாண்டி, வேட்டிக்குள் போனது. தில்லைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டைவிரல் நகரவில்லை.

குரு வந்தார். "ஈ மொய்க்குது," என்று சொல்லி இன்னோர் ஊதுபத்தியைப் பழத்தில் குத்திவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குப் பாகம்பிரியாள் வந்தாள். "இலை போட்டாச்சு. வாங்கண்ணே."

"வேணாம்," என்றார், உதடு பிரியாமல்.

"வாயத் திறந்தாக்கூட அறுந்துடுமா? சூடா பரோட்டா இருக்கு."

"உம்."

"நான் ஊட்டியெல்லாம் விட மாட்டேன், சொல்லிட்டேன்." போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். "காலையிலயும் ரெண்டே இட்லி. இந்த வயசுல மயக்கம் வந்தா என்ன பண்றது? தண்ணியாவது குடிங்க."

டம்ளரை உதட்டில் வைத்துப் பிடித்தாள். குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. விசிறி நின்றது. பழைய லேப்டாப், காலையிலிருந்து ஏறியும் சார்ஜ் முப்பது சதவீதம்தான் இருந்தது. வேர்வை நெற்றியில் இறங்கி, மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. அதன்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தில்லைநாயகம் அதைப் பார்த்தார். ஈ அவரைப் பார்த்தது. கடைசியில் ஈதான் எழுந்து போனது.

பாகம்பிரியாள் கூடத்தின் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். "சாமி, சார்ஜ் தீர்ந்துட்டா அவ்வளவு நேரமும் வீணாப் போயிடுமே. பாவம், போகத்தான் போறாரு, போறவரு மனசு நொந்து போகக் கூடாது."

"ஆமா," என்றார் குரு. இன்னோர் ஊதுபத்தி ஏற்றினார்.

சார்ஜ் நான்கு சதவீதத்துக்கு இறங்கியபோது கரண்ட் வந்தது. பாகம்பிரியாள் சத்தம் வராமல் கும்பிட்டாள். அதற்குப் பிறகு மடத்தில் யாரும் செருப்புப் போட்டு நடக்கவில்லை. சோலையப்பன் கதவுக்கு நடுவில் ஒரு கோணிச் சாக்கை மடித்து வைத்தான், காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க.

மூன்று மணிக்குத் திரை '40 நிமிடம்' என்றது. பிறகு '3 மணி' என்றது. அப்புறம் என்ன சொன்னது என்று தில்லைநாயகம் பார்க்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்து அவர் முழங்காலைத் தொட்டது, தாண்டிப் போனது. ஓர் அணில் உள்ளே வந்து, அவர் பைமேல் ஏறி உட்கார்ந்து எதையோ கொறித்தது. குரு அவ்வப்போது வந்தார், போனார்.

ஐந்தரை மணிக்கு மேல், விளக்கேற்ற வந்த பாகம்பிரியாள், லேப்டாப் கத்துவதைக் கேட்டாள். மூன்று தடவை கத்தி ஓய்ந்தது. தில்லைநாயகம் அசையவில்லை.

அவளுக்குப் பயமாகிவிட்டது. "அண்ணே!"

பதில் இல்லை.

"அண்ணே! சாமி, இங்க வாங்களேன்!"

"என்னம்மா?" என்றார் தில்லைநாயகம் மெதுவாக.

"முடிஞ்சிடுச்சு போலண்ணே."

"எது?" என்று கேட்டார்.

பாகம்பிரியாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குனிந்து அவர் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள்.

"இது யாரு வேலை? நல்ல பூவம்பழம்! முள்ளம்பன்றி மாதிரி ஆக்கி வச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குன்னு வச்சிருந்த ஊதுபத்திக் கட்டைக் காணோமேன்னு அப்பலேருந்து தேடிக்கிட்டு இருக்கேன். யாரு கொளுத்தினது?"

"நான்தான்," என்றார் குரு. அவர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

தில்லைநாயகம் பழத்தை வாங்கிப் பார்த்தார். குச்சிகளை இடப்பக்கத்திலிருந்து எண்ணினார். ஒன்பது. சர்வேயர் என்பதால் வலப்பக்கத்திலிருந்தும் எண்ணினார். ஒன்பதுதான். எல்லாமே அடிவரை எரிந்திருந்தன.

பழத்தை மெல்லக் கீழே வைத்தார். மடியில் கிடந்த கருவியை எடுத்துப் பார்க்கவில்லை. இடது கட்டைவிரல் மட்டும் இன்னும் மேல்நோக்கி வளைந்தே இருந்தது. அதை நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

"உலை வைக்கப் போறேண்ணே," என்றாள் பாகம்பிரியாள். "உங்களுக்கும் சேர்த்து அரிசி போடவா, வேணாமா? கிளம்புறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மிஞ்சிப்போச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது."

"போடும்மா," என்றார் தில்லைநாயகம். "கொஞ்சம் கூடவே போடு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் பழையபடி சத்தம் போட ஆரம்பித்தன.

தில்லைநாயகம் குருவை நிமிர்ந்து பார்த்தார். "சாமி, இப்பவாவது உபதேசம் குடுப்பீங்களா?"

குரு பக்கத்தில் உட்கார்ந்தார். கருவியிலிருந்து ஒயரை மெல்ல உருவி, சுருட்டித் தம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் காதோரம் குனிந்தார்.

"நாளைக்கு ஒயர் இல்லாம உட்காருங்க."