சுவரில் இருந்த வேலைக்காரன்

ஒரு காலத்தில், வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் சத்திரம் ஒன்று இருந்தது. அதன் சமையலறைக்குத் தலைவர் அண்டா. வயிறு பெருத்தவர்தானே எங்கும் தலைமைக்கு வருகிறார். அவர் உருளிக்குச் சொல்வார். உருளி இரும்புக் கரண்டிக்குச் சொல்லும். கரண்டி மர அகப்பைக்குச் சொல்லும். அகப்பைக்குக் கீழே ஆளில்லை.

எந்த வேலை யாருக்கு வரும் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. முடியாது என்று சொல்லத் தெரியாதவர் தலையில் அது விழும், அவ்வளவுதான். அடுப்புத் தணலைக் கிளறுவதும் அகப்பையின் பாடாகி, பாவம், அதன் நுனி கருகிப்போயிருந்தது.

ஒருநாள் அது சலித்துப்போய், மாடவிளக்கின் வெளிச்சத்தில் சுவரில் விழுந்த தன் நிழலிடம், "நீயாவது கொஞ்சம் செய்யேன்" என்றது.

"குடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றது நிழல்.

அகப்பை ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் கொடுத்துவிட்டது. அசதி அப்படி.

மறுநாள் கரண்டி தன் வேலையை நேரே சுவருக்கே அனுப்பியது. பிறகு உருளி. கடைசியில் அண்டாவும். நிழல் சுவரிலேயே கிண்டியது, மொண்டது, பரிமாறியது. சத்தமில்லை, சண்டையில்லை.

"இப்படி ஒருத்தன் இருந்தாப் போதும்யா" என்று அண்டா பூரித்துப்போனார். அடுப்பு அணைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

பந்தியிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "அம்மா, சோறு கறுப்பா இருக்கு. அள்ளினா கைக்கு வரலை."

"நேத்தும் இப்படித்தான்டா இருந்துச்சு. பேசாம சாப்பிடு" என்றாள் தாய்.

அகப்பை பதறியது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறாவது போட்டுவிட வேண்டும். எழப் பார்த்தது, முடியவில்லை. சுவரில் நிழல் திரும்பிய பிறகுதான் அதனாலும் திரும்ப முடிந்தது.

"அண்டா ஐயா, அடுப்ப மூட்டச் சொல்லுங்க. பிள்ள பசியில கெடக்கு."

அண்டா வாயைத் திறந்தார். குரல் சுவரில் இருந்த நிழலிடமிருந்து வந்தது.

"நீங்களே போய்ப் பரிமாறிட்டு வாங்கண்ணே. எனக்கும் கீழே ஒரு ஆள் வேணும்ல?"

விட்டால் போதுமென்று அகப்பை பந்திக்கு ஓடியது. வாசற்படியில்கூட அது இடிக்கவில்லை. இலையருகே போய் நின்றதும், குழந்தை குனிந்து தரையைத் தடவிப் பார்த்தது.

"அம்மா, இது எதோட நிழல்?"