தேனடையைத் தலையணையாக வைக்காதீர்

நாவல் மரத்தடியில் தேனடை விற்றுவந்த கரடியக்காவுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. விற்கும் முன் ஒவ்வொரு அடையையும் தட்டுவாள், ஊதுவாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே பதுங்கியிருக்கும் தேனீ பறந்துபோன பிறகுதான் அடை கைமாறும்.

ஒரு நாள் மரங்கொத்தி வந்து கிளையில் உட்கார்ந்தது.

"பாறைக்காட்டுச் சேதி தெரியாதா அக்கா? அங்கே ஒரு மந்தி, குடிக்கிற தேனை மூக்கில் ஊற்றிக்கொண்டதாம். 'ஊற்றாதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே' என்று சிங்கராசாவிடம் வழக்குப் போட்டு, தேன் விற்ற கரடியின் குகையையே வாங்கிவிட்டதாம்."

கரடியக்கா தட்டிக்கொண்டிருந்த அடையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு இருப்பதே ஒரு குகை. அதில்தான் குட்டிகள் தூங்குகின்றன.

"நீ கண்ணால் பார்த்தாயா?"

"நான் எங்கே பார்த்தேன்? காடே பேசுகிறது."

"காடே பேசினால் நிஜமாகத்தான் இருக்கும். இப்போது நான் என்ன செய்வது?"

"எச்சரிக்கை எழுதிக் கட்டிவிடுங்கள். எழுதி வைத்துவிட்டால் எவனும் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. மரப்பட்டையில் நானே கொத்தித் தருகிறேன். வரிக்கு ஒரு தேன்புழு கூலி."

வரிக்கு ஒரு புழு என்றால் வரி குறையுமா? 'மூக்கில் ஊற்றாதீர்' என்று ஆரம்பித்தது மரங்கொத்தி. 'தேனடையைத் தலையணையாக வைக்காதீர்.' 'இது தேன், இனிக்கும்.' 'மீன்கள் கரையேறி வந்து தின்னக் கூடாது.' நடுவில் எங்கேயோ, 'அடைக்குள் தேனீ இருக்கலாம்' என்றும் ஒரு வரி வந்தது. பட்டை சுமக்கவும் கட்டவுமே கரடியக்காவுக்குப் பொழுது சரியாக இருந்தது. அடையைத் தட்டிப் பார்க்க நேரமில்லை. அதுதான் எழுதியாகிவிட்டதே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அணில் வந்தது. பட்டையைப் படித்துப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தது.

"மீனுக்குமா எச்சரிக்கை? நன்றாக இருக்கிறது அக்கா உங்கள் வியாபாரம்."

பாதியிலேயே பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடையைக் கடித்தது. உள்ளே இருந்த தேனீ அதன் நாக்கிலேயே கொட்டியது. நாக்கு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, அணில் சுருண்டு விழுந்தது.

கரடியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியதெல்லாம் வாய்தான். "நான் எழுதியிருக்கிறேனே! இதோ பார், தலையணைக்குக் கீழே, மீனுக்கு மேலே!" என்று மூச்சுவிட முடியாத அணிலுக்குப் படித்துக் காட்டினாள்.

ஓடைக்குப் போய்க்கொண்டிருந்த மந்தி ஒன்று இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தது. அணிலின் வாயைத் திறந்து, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தது. குளிர்ந்த தண்ணீரை மொண்டுவந்து நாக்கில் விட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அணிலுக்கு மூச்சு சீரானது.

"புண்ணியவதி, உனக்கு எந்தக் காடு?" என்று கேட்டாள் கரடியக்கா.

"பாறைக்காடு," என்றது மந்தி, கரகரத்த குரலில். "எனக்கும் இப்படித்தான். தொண்டையில் கொட்டியது. அன்று போன குரல் இன்னும் திரும்பவில்லை."

மரங்கொத்தி சத்தமில்லாமல் மரத்துக்குப் பின்பக்கம் நகர்ந்தது.

"அப்படியானால் வழக்குப் போட்டுக் குகையை வாங்கிய மந்தி..."

"குகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மரத்தில் தூங்குகிறவள் நான். அடையைத் தட்டிப் பார்த்து விற்கச் சொல்லுங்கள் என்றுதான் ராசாவிடம் கேட்டேன். அந்தக் கரடியும் சரி என்றது. வழக்கு அதோடு முடிந்தது. மூக்குக் கதையை எவர் கட்டிவிட்டாரோ, போகிற இடமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்."

கரடியக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த அடையை எடுத்துத் தட்டினாள். ஒரு தேனீ பறந்துபோனது. அதைப் பார்த்ததும் அழுதேவிட்டாள்.

பட்டைகளையெல்லாம் ஓடையில் தள்ளிவிட்டாள். மீன்கள்தான் படித்திருக்கும். மரங்கொத்தி அதற்குள் அடுத்த காட்டுக்குப் போய், தேனைக் காதில் ஊற்றிக்கொண்ட ஓர் அணிலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தன் தலை தப்ப ஊரெல்லாம் எச்சரிக்கை எழுதுவதைவிட, அடுத்தவருக்கு ஆபத்து வராமல் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதே மேல்.